சட்டைக் கையின் நிழல்

தையல்காரி மாடியில் சோலார் பலகையை வைத்து மூன்று நாளாகியும் பேட்டரி பாதிகூட ஏறவில்லை. எலக்ட்ரீஷியனான கொழுந்தனுக்கு அது ஒரே கொண்டாட்டம். "பொம்மையை வாங்கி ஏமாந்துட்டீங்க அண்ணி," என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் நக்கலடித்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை, தைக்க வேண்டிய துணிகளை ஓரங்கட்டிவிட்டு மாடியிலேயே காவல் இருந்தாள். பத்து மணிக்கு, துணிக்கொடியில் காய்ந்த சட்டையொன்றின் கை நிழல் பலகையின் மூலையில் விழுந்தது. சார்ஜ் ஏறுவதைக் காட்டும் பச்சை விளக்கு அணைந்தது. சட்டையை உருவினாள், விளக்கு எரிந்தது. மறுபடி தொங்கவிட்டாள், அணைந்தது. ஒரு மூலை நிழலே மொத்தப் பலகையையும் படுக்க வைத்துவிடுகிறது. சட்டை யாருடையது என்று பார்த்தாள். கொழுந்தனின் வேலைச் சட்டை, தினமும் அவனே காயப்போடுவது.

அதை எடுத்த பிறகு, சாயங்காலத்துக்குள் பேட்டரி நிரம்பிவிட்டது.

மறுநாள் மத்தியானம் தெரு முழுக்க கரண்ட் போனது. அவளுடைய தையல் அறையில் மட்டும் விளக்கும் சின்ன ஃபேனும் ஜம்மென்று ஓடின. உயிர்போன செல்போனோடு கொழுந்தன் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, இதைக் கொஞ்சம் சார்ஜ்ல போடறீங்களா?"

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொம்மையிலயா தம்பி? போடறேன். உங்க ஈரச் சட்டையை மட்டும் இனிமே உங்க ரூம்லயே காயப்போட்டுக்குங்க."