துராத்பெக் சர்க்கரை தின்ற விருந்து

நாரின் என்ற மலையூரில், சம்பந்தி வீட்டில் குழந்தையைத் தொட்டிலில் இடும் விருந்து. துராத்பெக்குக்கு நேர் எதிரே புருல்சா வந்து உட்கார்ந்ததுமே அவன் மனைவி சோனுனுக்கு வயிறு எரிந்தது.

புருல்சா ஊர் மருத்துவமனை நர்ஸ். புருஷனை இழந்தவள். நாற்பது வயதிலும் கன்னத்தில் ரோஜாச் சிவப்பு. துராத்பெக்குக்குச் சர்க்கரை நோய் வந்த எட்டு மாதமாக, ஊசி, அளவு, சந்தேகம் என்று எதற்கும் அவளிடம்தான் ஓடுகிறான். வீட்டில் கேட்டால், "அதெல்லாம் உனக்குப் புரியாது."

புரியாதாமே! சோனுன் சாப்பாட்டு விரிப்பில் அவன் முன்னாலிருந்த ஜாம், தேன், ரொட்டி, எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுருண்டை அத்தனையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இவருக்கு ஆகாது. பொண்டாட்டிக்குத்தான் தெரியும்" என்றாள், எதிரே இருந்தவளுக்குக் கேட்கும்படி.

கறியும் மாவுத் துண்டுகளும் இதோ வந்துவிடும் என்று நம்பித் துராத்பெக் முன்கூட்டியே இன்சுலின் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஆனால் பெரியவர் என்ற மரியாதைக்கு முதலில் ஆட்டுத் தலை பெறவேண்டிய மூத்த சம்பந்தியின் கார் கணவாய்ப் பனியில் சிக்கிக்கொண்டது. அவர் வராமல் கறி அண்டாவைத் திறப்பார்களா? ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

துராத்பெக்குக்கு வியர்த்தது. கை நடுங்கியது. புருல்சாவைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தான்.

'அவளைப் பார்த்து இளிப்பு வேறயா!' சோனுன் பல்லைக் கடித்தாள்.

புருல்சா சட்டென்று எழுந்து வந்து, ஒரு கட்டிச் சர்க்கரையை அவன் வாயருகே கொண்டுபோனாள். சோனுன் அவள் கையைத் தட்டிவிட்டாள். கட்டி உருண்டோடியது.

"என் புருஷனுக்கு ஊட்டிவிட நீ யாருடி? அதுவும் விஷத்தை!"

"அக்கா, சண்டையை அப்புறம் போடுங்க. இவருக்குச் சர்க்கரை ஏறல, இறங்கிட்டிருக்கு!"

"எப்படி இறங்கும்?"

"நம்ம கணையத்துல ரெண்டு வகை செல் இருக்கு. ஒண்ணு இன்சுலின் விட்டுச் சர்க்கரையை இறக்கும். இன்னொண்ணு குளுக்ககான் விட்டு ஈரல்ல இருக்கற சர்க்கரையை எடுத்து ஏத்தும். ரத்தத்தைப் பாத்துப் பாத்து அளவா விடும். இவருக்கு இறக்குற செல்லு செத்துப்போச்சு. ஊசியில போன இன்சுலினுக்குப் பார்க்கவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. ஏத்துற செல்லால தனியா ஈடுகொடுக்க முடியல. சாப்பாடும் உள்ளே போகல. மயங்கிட்டா உசுருக்கே ஆபத்து!"

சோனுன் தன் பக்கம் குவிந்திருந்ததைப் பார்த்தாள். ரொட்டியை இழுத்துக்கொண்டது அவள் கைதானே?

புருல்சா தேநீரில் சர்க்கரையைக் கரைத்து நீட்டினாள். துராத்பெக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாக்குக் குழறியது.

"வேணாம்... சோனுன் திட்டுவா."

"நான் புருல்சா சொல்றேன், குடிங்க!"

"நீ யார் சொல்ல? சோனுன் சொல்லணும்."

புருல்சா கோப்பையைச் சோனுனிடம் கொடுத்தாள். அந்தக் கணத்தில் சோனுனுக்கு அழுகையும் கர்வமும் ஒன்றாக முட்டின.

"நான்தாங்க. நானே சொல்றேன், குடிங்க."

சொன்ன பேச்சு தட்டாமல் குடித்தான். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. "அண்டா திறந்தாச்சா?" என்றான்.

சோனுன் ரொட்டியைப் பிய்த்து அவன் வாயில் திணித்தாள். பிறகு திரும்பினாள்.

"புருல்சா, நாளையிலேருந்து இவர்கூட நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன்."

"ஊசி கத்துக்கவா அக்கா, காவலுக்கா?"

"ரெண்டுக்கும்தான்" என்றாள் சோனுன், சிரிக்காமல்.