தொட்டால் செல்லாது

படகு ஓர் அலையின் முதுகில் ஏறிக்கொண்டிருந்தபோது தூண்டிற்கோல் வில்லாக வளைந்தது. அத்தான் அதை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, "மாட்டிக்கிச்சு" என்றார். சுக்கானைப் பிடித்திருந்தவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். அந்தத் தூரத்துக்காகவே அக்காவையும் அத்தானையும் தன் படகுக்கு அழைத்திருந்தாள் அவள்.

தூண்டில் போட்டியில் விதி ஒன்றுதான் முக்கியம். மீன் மாட்டியது முதல் படகில் ஏறும்வரை, பிடிப்பவரைத் தவிர வேறு யார் கையும் கோலிலோ ரீலிலோ தூண்டில் நரம்பிலோ படக்கூடாது. தடுமாறும் ஆளைத் தாங்கிப் பிடிக்கலாம். கோலில் விரல் நுனி பட்டாலும் அந்த மீன் போட்டிக் கணக்கில் செல்லாது. ஏன் இத்தனை கண்டிப்பு என்றால், பெரிய மீனை வெல்வது பலத்தால் அல்ல, களைப்பைத் தாங்குவதால். ஒரு நொடி வேறு கை தாங்கினாலும் அந்தக் களைப்பு ஆறிப்போகும்.

போன போட்டியில் அவள் கோலில் மாட்டியது, தூண்டில் சங்கத்தில் அதுவரை யாரும் பார்த்திராத அளவு பெரிய சூரை மீன். தோள் கழன்றுவிழும்படிப் போராடிப் படகோரம் கொண்டுவந்துவிட்டாள். வெள்ளை வயிறு நீருக்கடியில் புரண்டது. அப்போதுதான் பின்னாலிருந்து அத்தானின் கை நீண்டு கோலைப் பற்றியது. விதி தெரியாதவரல்ல, புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். "பாவம், கை நடுங்குதேன்னு ஒத்தாசை பண்ணேன்" என்று நடுவர்களிடம் சிரித்தார். அதன்பின் வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், அந்தக் கதைதான். அவள் நடுங்கிய விதத்தை நடித்தும் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா மட்டும் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் எழுந்துபோவாள்.

இன்றைய போட்டியில் காற்று ஏறியதும் மற்றப் படகுகள் திரும்பிவிட்டன. அத்தான் கேட்கவில்லை. பயமாக இருந்தால் கேப்டனம்மா தள்ளிக்கொள்ளட்டும், தானே ஓட்டுவதாகச் சொன்னார். அக்கா கேபின் வாசலில் வாளியைக் கட்டிக்கொண்டு குமட்டிக்கொண்டிருந்தாள். தங்கையோ காத்திருந்தாள். மீன் களைத்து மேலே வரட்டும். வயிறு தெரியட்டும். அப்போது ஒரே ஒரு விரல். பிறகு சொல்லவேண்டியதைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

பக்கவாட்டில் வந்த ஓர் அலை படகை உலுக்கிப் போட்டது. கோலின் அடிமுனை, இடுப்புப் பட்டையிலுள்ள குழியில் பொருந்தியிருந்தால்தான் மீனின் இழுப்பை இடுப்பும் காலும் வாங்கிக்கொள்ளும். அது குழியை விட்டு நழுவிவிட்டது. இப்போது மொத்த இழுப்பும் மணிக்கட்டில். திரும்பச் செருக ஒரு கை வேண்டும். அவருக்கு அது மிச்சமில்லை.

"பிடி. ஒரு செகண்ட் பிடி."

அவள் ஒரு கையைச் சுக்கானில் வைத்தபடியே, மறு கையால் அவருடைய பட்டையைப் பின்னாலிருந்து பற்றினாள். கடலில் விழமாட்டார்.

"என்னையில்ல. கோலைப் பிடி."

இத்தனை நேரம் தினவெடுத்திருந்த விரல் பட்டைக்குள்ளேயே மடங்கிக்கொண்டது. அவரே கேட்டபிறகு கொடுத்தால், அது நிஜமாகவே ஒத்தாசை ஆகிவிடும்.

"தொட்டா செல்லாதே அத்தான்."

"செல்லாட்டிப் போகுது. கை விட்டுப்போகுதும்மா."

"நடுங்குதா?"

கோலை விட்டுவிட்டால் தீர்ந்தது. அதை மட்டும் அவரால் செய்ய முடியவில்லை. பெண்டாட்டியைக் கூப்பிட்டார். அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு தள்ளாடி வந்தாள். கோலைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தங்கையை மட்டும் பார்க்கவில்லை. பிறகு பக்கக் கம்பியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கென்னங்க தெரியும். தொட்டா செல்லாதாமே."

ரீல் அலறிக்கொண்டு ஓடியது. நரம்பு வெளியேற வெளியேற ரீலிலுள்ள சுற்று மெலியும். சுற்று மெலிந்தால் அதே பிரேக் இன்னும் முரடாகப் பிடிக்கும். நரம்பு தீருமுன் பிரேக்கைத் தளர்த்த வேண்டும். அதற்கும் ஒரு கை வேண்டும். மூன்று பேரும் ரீலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலையில் நனைந்த கடைசிச் சுற்றுகளின் இடைவெளியில், ரீல் உருளையின் மஞ்சள் உலோகம் மினுங்கத் தொடங்கியது.