டால்பினின் பால் பல்

மனைவி சிரித்த சத்தம் கேட்டு அவன் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தான். அவள் மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "பாம்புக்குக் கால் கிடையாதுன்னு அது தானாவே கண்டுபிடிச்சிருச்சுங்க." அவன் சொன்ன எந்த வேடிக்கைக்கும் அவள் இப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று.

அவளுடைய அலுவலகத்துக் கணினி ஓயாமல் இணையத்தைப் படித்து, உலகத்தைப் பற்றிய தகவல்களைத் தானே சேர்த்துக்கொண்டிருந்தது. அதற்குச் சந்தேகம் வருகிற இடங்களில் சரி, தப்பு என்று சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அவன் பல் செட் செய்பவன். முன்பெல்லாம் எந்தக் கிழவர் பல்லை எங்கே தொலைத்தார் என்று அவன் சொன்னால், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். இப்போது கதை பாதியில் இருக்கும்போதே அவள் கண் திரைக்கு ஓடியது. இன்னொரு ஆளாக இருந்தாலாவது சட்டையைப் பிடிக்கலாம். ஒரு இயந்திரத்தின் மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"எதைச் சொன்னாலும் நம்பிருமா உன் ஆளு?" என்று கேட்டான்.

"ஒருத்தர் சொன்னா நம்பாது. நாலஞ்சு பேர் சொன்னா நம்பும். மனுஷங்க மாதிரிதான்."

மறுநாள் பட்டறையில், பல் செட்டுக்கான மெழுகு இறுகக் காத்திருந்த நேரத்தில், கேள்வி பதில் தளங்களில் எழுதத் தொடங்கினான். குழந்தைகளைப் போலவே டால்பின்களுக்கும் பால் பல் விழுந்து முளைக்கும் என்று ஒரு தளத்தில் மாலுமியாக எழுதினான், இன்னொன்றில் பள்ளி ஆசிரியையாக, மற்றொன்றில் கடல் ஆராய்ச்சியாளராக. சுத்தப் பொய். அதை நம்பி அவள் முன்னால் அது அசடு வழியட்டும்.

வாரக் கடைசியில் அவள் மடிக்கணினியோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பல் விஷயம், உங்களைத்தான் கேட்கணும். டால்பினுக்குப் பால் பல் உண்டாம். சரியா?"

அவள் தன்னிடம் கேட்டதிலேயே அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. "தப்பு. அதுக்கு ஒரே செட்தான், விழுந்தா விழுந்ததுதான். இதுகூடத் தெரியலையா அதுக்கு?"

அவள் சிரிக்கவில்லை. "எழுதினவங்க எல்லாத்தையும் படிச்சுப் பார்த்தேன். மாலுமி, டீச்சர், எல்லாருமே முற்றுப்புள்ளிக்கு முன்னாடி ஒரு இடம் விடுறாங்க."

அவன் அவளுக்கு அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் அப்படித்தான் முடியும். அவனுக்குக் காது சுட்டது. விளையாட்டுக்கு என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான்.

"நான் கவனிக்காம சரின்னு போட்டிருந்தா என் வேலை என்ன ஆகியிருக்கும்? என்கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"எப்போ சொல்றது? நீதான் எந்நேரமும் அதுகூடவே இருக்கியே."

அவள் எழுந்து போய்விடவில்லை. மடிக்கணினியை மெல்ல அவன் மடிக்குத் தள்ளினாள். "தப்புன்னு நீங்களே சொல்லுங்க."

நகக்கண்ணில் மெழுகு ஒட்டிய விரலால் பொத்தானைத் தொட்டான். டால்பின் மறைந்து, தேனீக்கு எத்தனை கண் என்று ஒரு புதுக் கேள்வி திரையில் வந்து நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. கன்னத்தில் கை வைத்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.