உப்புத்தண்ணீர் விரதம்

ஆடி மாதம் பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு ஜவ்வாது மலையில் சொந்த ஊரான ஆலங்கொல்லைக்கு வந்து இறங்கியபோது கோகிலவாணியால் பேச முடியவில்லை. பெங்களூரில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மூன்று நாள் முன்பு, கடைக்கு எதிரே பச்சை குத்தும் இடத்தில், நாக்கின் நடுவில் ஓட்டை போட்டு ஓர் எஃகுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தாள். கம்பியின் மேலும் கீழும் மிளகு அளவுக்கு ஒவ்வொரு குண்டு. நாக்கு வீங்கும் என்பதால் முதலில் நீளக் கம்பிதான் போடுவார்களாம். வீக்கம் வடிந்ததும் குட்டையானதை மாற்றிக்கொள்ள வேண்டுமாம். ஒன்பது விதிகள் அச்சடித்த தாள் ஒன்றையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

காரம் கூடாது. சூடு கூடாது. கறி கூடாது. சாராயம், சிகரெட் கூடாது. அதில் அவளுக்குச் சிரமமில்லை. சாப்பிட்ட பிறகெல்லாம் உப்புத்தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். பிரஷ் புதிதாக இருக்க வேண்டும். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். கையால் தொடக் கூடாது. முடிந்தவரை பேசக் கூடாது.

கருவாட்டுக்காகத் தம்பியோடு சண்டை போட்டு வளர்ந்த பெண், ஆறிப்போன சாமைக் கஞ்சியில் மோர் ஊற்றிக் குடிப்பதை அம்மா சாந்தம்மாள் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை, புளியமரத்தடியில் அண்ணாந்து கொப்பளித்துக்கொண்டிருந்த மகளின் வாய்க்குள் வெயில் பட்டு ஏதோ மின்னியது. கிட்டே போய்ப் பார்த்தாள். நாக்கில் ஒரு கம்பி. கீழ்ப்பல் வரிசைக்குப் பின்னால் இன்னொரு கம்பி.

இரண்டாவது கம்பி பழையது. சொந்தச் சம்பளத்தில் பல்லை நேராக்கிக்கொண்டவள் கோகிலவாணி. நேரான பல் மறுபடி பழைய இடம் தேடிப் போகாமலிருக்க, முன்பற்களின் பின்பக்கம் முடிமாதிரி ஒரு கம்பியை நிரந்தரமாக ஒட்டியிருந்தார்கள். அது வெளியே தெரியாது. சாந்தம்மாளுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன.

"ஏங்க! ஓடியாங்க! பாப்பா நாக்குல வேல் கீதுங்க!"

ஆலங்கொல்லையில் நாக்கில் வேல் குத்துவது புதிதல்ல. வேண்டுதல் உள்ளவர்கள் ஏழு நாள் காரமும் கறியும் பேச்சும் விட்டு, அம்மன் கோயில் ஆடித் திருவிழாவன்று குத்திக்கொள்வார்கள். பம்பை அடிப்பார்கள், பிடித்துக்கொள்ள ஆள் நிற்பார்கள். இந்தப் பெண்ணுக்குப் பம்பையும் இல்லை, ஆளும் இல்லை. நமக்கெல்லாம் விரதம் முடிந்தால்தான் வேல், இவளுக்கு வேல் வந்துதான் விரதமே தொடங்கியிருக்கிறது என்று ஊர் வியந்தது.

அப்பா அருணகிரி மகளின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

வாய்ப்புண் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தவளுக்கு அதைச் சொல்லும் தைரியம் அந்தத் துண்டோடு போயிற்று. பெங்களூருக்கு அனுப்பவே மூன்று மாதம் யோசித்தவர் அவர். ஆசைக்குக் குத்திக்கொண்டது என்று தெரிந்தால் திங்கட்கிழமை திரும்பிப் போக பஸ் கிடையாது. சும்மா இருந்தாள். வீக்கமும் ஒத்துழைத்தது.

விழாக்குழுத் தலைவர் வெற்றிச்செல்வன் அன்று மதியமே மாலையோடு வந்துவிட்டார். லெட்டர்பேடில் ஏற்கெனவே நான்கு பதவிகள் அச்சாகியிருந்தன. ஐந்தாவதற்கு இடம் விட்டிருந்தார்.

"வர்ற வெள்ளிக்கெழம நம்ம கோகிலவாணி அம்மா வாக்கு சொல்லுவாங்க. அப்புறம் கோயிலாண்டயே ஷெட்டு போட்டுக் குடுத்துட்லாம். தகரம் என் மச்சான் கடையில வாங்கிக்கலாம்."

"அவளுக்கு திங்கக்கெழம பெங்களூரு போவணுங்களே," என்றாள் சாந்தம்மாள்.

"அம்மன் எங்கனா கண்ணாடி விப்பாளா? இன்னா பேச்சு பேசற?"

கோகிலவாணி அப்போதுதான் கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னாலும் பெங்களூர் போக முடியாது, சொல்லாவிட்டாலும் முடியாது.

இதற்குள் வீக்கம் வடிந்தது. நாக்கு சிறுத்ததும் கம்பி நீளமாகிப்போய், ஒவ்வொரு அசைவுக்கும் அடிக்குண்டு பல்லின் பின்கம்பியில் இடித்தது. டிக். டிக். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டு வசந்தி காதைத் தீட்டினாள்.

"உள்ள செலம்பு சத்தம் கேக்குதுடி!"

அதன்பின் வரிசை. ஒவ்வொருத்தியாக வந்து அவள் கன்னத்தில் காதை வைத்துக் கேட்டார்கள். கேட்டவர்கள் புல்லரித்த கையை அடுத்தவர்களுக்குக் காட்டினார்கள். அந்தப் புல்லரிப்பில் பொய்யே இல்லை. அதனால்தான் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை காலை பின்கம்பியின் ஒரு முனை பெயர்ந்து நாக்கைக் கிழித்தது. கஞ்சியில் ரத்தம்.

"பலி கேக்கறா," என்றார் வெற்றிச்செல்வன்.

"பலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. டாக்டராண்ட போலாம் வா," என்று அருணகிரி மகளின் கையைப் பிடித்தார். வாக்கு சொல்லப்போகும் வாய் ஊர்ச்சொத்து என்பதால் தலைவரும் பஸ் ஏறினார்.

ஒடுகத்தூரில் ஜெனிலா டாக்டரின் பல் ஆஸ்பத்திரி. தலைவர் செருப்பை வாசலிலேயே விட்டு, கைகட்டி நாற்காலியருகில் நின்றார்.

"நாக்குல யாரு போட்டது இது?"

"அம்மன்," என்றார் தலைவர்.

"அவங்க கிளினிக் எங்க இருக்குது?"

டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். "இந்த நீளக் கம்பி இடிச்சி இடிச்சி ஒயரைக் கழட்டிடுச்சிம்மா. பத்து நிமிஷத்துல திரும்ப ஒட்டிடுவேன். ஆனா குட்டைக் கம்பி மாத்தினாலும் அந்த எடத்துல இடிக்கத்தான் செய்யும். மறுபடி கழலும், ஈறு எறங்கும், பல்லு பழையபடி கலையும். எது வேணும்னு நீதான் சொல்லணும்."

"எடுக்கக் கூடாதுங்க! எடுத்தா ரத்தம் நிக்காது. ஃப்ளெக்ஸ் வேற கட்டியாச்சு," என்றார் தலைவர்.

கோகிலவாணி அப்பாவைப் பார்த்தாள். துண்டு இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

"நைனா, அம்மன் குத்தல. நானாதான் காசு குடுத்துக் குத்திக்கினேன். நல்லா இருக்கும்னு தோணுச்சு. கோவமா இருந்தா அடி. ஆனா திங்கக்கெழம பஸ்ஸு ஏத்திவுடு."

தலைவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அருணகிரி மகளின் பக்கம் குனிந்தார்.

"வலிச்சிச்சா?"

"குத்தறப்ப அவ்ளோ இல்ல. ரெண்டாம் நாளு உசுரே போச்சு."

"நான் வேல் குத்துன வருசம் மூணு பேர் புடிச்சிக்கினாங்க. பம்பை அடிச்சாங்க. அப்பவும் அழுதேன்." அவர் மகளை முதன்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். "நீ தனியாவா போன?"

"ம்."

"தனியா," என்றார் டாக்டரிடம், அவருக்குக் காது கேட்டிருக்காதோ என்பதுபோல. "தனியா போய்ட்டு, தனியா கொப்பளிச்சிக்கினு இருந்திருக்கு. நான் வாய்ல துணிய வெச்சிக் கடிச்சிக்கினு கெடந்தேன் டாக்டர்." பிறகு, மகள் தலையாட்டியதைப் பார்த்து, "எடுத்துடுங்க," என்றார்.

மேல்குண்டைத் திருகி எடுத்துக் கம்பியை உருவினார் டாக்டர். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. நூல் கோக்கலாம் போல ஓட்டை மட்டும் இருந்தது. தலைவரும் எட்டிப் பார்த்தார், அவரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"நாளைக்குப் பாருங்க, கூடிடும்," என்றார் டாக்டர். "ஒடம்புல நாக்கு மாதிரி ஆறுற எடம் கம்மி."

யாரும் நம்பவில்லை. வியாழன் காலை வாசலில் கூட்டம். கோகிலவாணி நாக்கை நீட்டினாள். மேலே தோல் கூடியிருந்தது. குண்டுமணியில் பாதிகூட இல்லாத ஒரு சிவப்புப் புள்ளி. நேற்று எஃகு நின்ற இடம். சிலம்புச் சத்தம் கேட்டவர்களில் ஒருவரும் ஏமாந்ததாகச் சொல்லவில்லை. வசந்தி குனிந்து பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா, அம்மன் ஒரே நாள்ல மூடிட்டா!" என்றார் தலைவர், எழுந்து நின்று.

"மூடிட்டாளே," என்றார் அருணகிரி. "அப்ப பொண்ண அனுப்பிட்லாம், இல்ல?"

தலைவர் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை பஸ் படியில் ஏறியவளை அருணகிரி நிறுத்தினார். "இன்னொரு தபா காட்டு." காட்டினாள். புள்ளியும் போய்விட்டிருந்தது. அவர் யோசித்தார். பிறகு கண்டக்டர், டிரைவர், நாற்பது பயணிகள் முன்னால், தன் நாக்கை நீட்டினார்.

"எந்துல பாரு. இருவது வருசம் ஆச்சு. குத்துன எடம் எங்கனா தெரியுதா?"

அவள் அவர் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி, பொறுமையாகத் தேடினாள்.

"ஒண்ணுமே இல்ல நைனா."

அவர் வாயை மூடிக்கொண்டு, நாக்கை உள்ளே மெல்ல அசைத்துப் பார்த்தார். கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றிருந்தார்.