யோன் அங்கிளுக்குப் போன மெயில்

"உங்களுக்கு நற்சான்று தருகிற றெஃபரிக்கு மெயில் போய்விட்டது," என்றாள் நேர்முகம் எடுத்த மோனிகா. "மூன்று மணிக்கே. அது தானாகப் போய்விடும்."

றொசானா கைப்பையின் சிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அது பாதியில் நின்றது.

"யாருக்கு?"

மோனிகா திரையைப் பார்த்து அந்தப் பெயரைத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். யோன் மரியதாஸ்.

விண்ணப்பப் படிவத்தை றொசானா பஸ்ஸில் இருந்தபடி கைபேசியில் நிரப்பியிருந்தாள். முதல் எழுத்தைத் தட்டியதும் மீதியைக் கைபேசியே போட்டுக்கொண்டது. பத்து வருடங்களாக அவளுடைய சிவியின் கடைசி வரி அந்தப் பெயர்தான். அவளுடையது மட்டுமல்ல. தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கு வருகிற பாதிப்பேரின் சிவி அந்தப் பெயரோடுதான் முடியும். மன்னாரில் தபால் அதிபராக இருந்து, இந்த நாட்டுக்கு வந்து கவுன்சில் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். நல்ல ஆங்கிலம். யாரும் அவரிடம் முன்கூட்டிக் கேட்பதில்லை. போட்டபிறகு, "அங்கிள், உங்கட பேர் போட்டிருக்கிறன்," என்று சொல்வார்கள். "போடு, போடு," என்பார்.

"அதில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்குமா?"

"பெயர் இருக்கும். என்ன செய்கிறோம் என்றும் இருக்கும்," என்றாள் மோனிகா. "மறைத்தால் அது ஏமாற்று, இல்லையா?"

அவர்கள் வயதுவந்தவர்களுக்கான படங்களை இணையத்தில் வெளியிடுகிறவர்கள். சரி ஹில்ஸ் என்கிற பகுதியில் இரண்டாம் மாடி. வாசலில் பெயர்ப்பலகை இல்லை. உள்ளே ஒரு பல் வைத்தியரின் இடம்போல இருந்தது. றொசானா விண்ணப்பித்தது பரிசோதிக்கிற வேலைக்கு. ஒரு படம் வெளியே போகுமுன் நடித்தவரின் அடையாள அட்டை, பிறந்த தேதி, சம்மதக் கையெழுத்து எல்லாம் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடித்தவர் தன் படத்தை எடுத்துவிடச் சொன்னால், அது அவர்தானா என்று உறுதிசெய்து எடுக்க வேண்டும். அதற்குப் படத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்.

அவள் ஏழு வருடம் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பகுதியில் சம்மதப் படிவங்களைச் சரிபார்த்தவள். ஒப்பந்தம் மார்ச்சில் முடிந்தது. இப்போது ஆகஸ்ட்.

அதற்கு முன், அன்று பிற்பகல் பரீட்சையாக இருபது கோப்புகளைக் கொடுத்திருந்தார்கள். அவள் மூன்று பிழைகள் கண்டாள். மோனிகாவுக்கு அதில் இரண்டுதான் தெரியும். மூன்றாவது பிழை பிழையே அல்ல. எல்லாம் பொருந்தியிருந்தது. கடவுச்சீட்டு, கையெழுத்து, முகம். படத்தில் இருந்த பெண் அதை எடுத்துவிடும்படி மூன்று தடவை எழுதியிருந்தாள். மூன்றாவதில் ஒரு சொல் மட்டும். தயவுசெய்து. அது வந்து பதினொரு நாளாகியும் படம் அப்படியே கிடந்தது.

"இதை ஏன் எடுக்கவில்லை?"

"முன்பிருந்தவர் போய்விட்டார். நான் ஒருத்திதான் சனிக்கிழமையும் வந்து பார்க்கிறேன். வரிசையில் நானூறு இருக்கிறது."

"நான் இப்போது பார்த்துவிட்டேனே. எல்லாம் சரி."

"வேலையில் சேராதவர் பார்த்தது பார்த்ததாக ஆகாது," என்றாள் மோனிகா. அதை வருத்தத்தோடுதான் சொன்னாள்.

படத்தில் மற்றதெல்லாம் றொசானாவுக்கு ஒன்றோடொன்று கலந்துவிட்டது. ஒன்று மட்டும் கலக்கவில்லை. தொடங்குமுன் அந்தப் பெண் கமராவுக்கு அப்பால் நின்ற யாரையோ பார்த்துச் சிரித்தாள். றொசானா எழுந்து போய்க் கை கழுவினாள். திரும்பி வந்து அடுத்த கோப்பைத் திறந்தாள். அதுவும் சரியாகவே இருந்தது. மோனிகா தன் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, நீ சொன்னதுதான் சரி என்று தலையாட்டியபோது றொசானாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் அவளைப் பயமுறுத்தியது.

சென்ட்ரலில் ரயில் ஏறியதும் யோன் அங்கிளுக்கு அழைத்தாள். எடுக்கவில்லை. 'அங்கிள், ஒரு மெயில் வரும். திறக்காதேங்கோ' என்று எழுதினாள். திறக்காதே என்றால் முதலில் அதைத்தான் திறப்பார். அழித்தாள். ரயில் கிரான்வில்லைத் தாண்டும்போது அவரிடமிருந்து செய்தி வந்தது.

நாளைக்குக் காலமை வாறன் பிள்ளை. அம்மா நிப்பாவோ?

பதில் போடாமல் அதை வெஸ்ட்மீட் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். அம்மா அன்னமலர் முதியோர் இல்லமொன்றில் சமைக்கிறவர். வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்ரவியூ எப்பிடி?"

"பரவாயில்லை."

"என்ன கொம்பனி?"

"கொம்பியூட்டர்."

"நாளைக்கு யோன் அண்ணை வாறாராம். போன் எடுத்தவர். என்ன விசயம் எண்டு சொல்லேல்லை," என்றார் அன்னமலர். "ஆரும் செத்துப்போச்சினமோ தெரியாது."

சனிக்கிழமை ஒன்பதேகாலுக்கு அவர் வந்தார். காற்சட்டைக்குள் விட்ட சேட்டு, கையில் ஐபாட். பூசைக்கு வருகிற மாதிரி வந்திருந்தார்.

"வாங்கோ யோன் அண்ணை. என்ன காலங்காத்தால?"

"ஒரு சின்ன அலுவல். பிள்ளையோட."

"இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

அது சின்ன யூனிட். குசினிக்குக் கதவு கிடையாது. அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தண்ணீர்க் கெற்றில் இரையத் தொடங்கியதும் முன்னால் குனிந்தார்.

"மெயிலைக் கடைசிவரை வாசிக்காமல் அந்தக் கொம்பனிப் பேரைத் தட்டிப்போட்டன் பிள்ளை. வீட்டில அன்ரி பக்கத்தில இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவ."

றொசானாவுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்தாள்.

"சிரிக்காதை. ஐபாட்டைக் குப்புறப் போட்டன். சத்தம் நிக்கேல்லை."

"நான் நடிக்கப் போகேல்லை அங்கிள். பேப்பர் பாக்கிற வேலை."

"பேப்பர் மட்டுமோ?"

பொய் சொல்ல இடம் இருந்தது. "இல்லை. படமும் பாக்கோணும்."

அவர் நெற்றியைத் துடைத்தார். ஐபாட்டைத் திறந்து, முழங்காலில் சாய்த்துப் பிடித்தார். "எட்டுக் கேள்வி கேட்டிருக்கிறாங்கள். நேர்மையான ஆளோ. ரகசியம் காப்பாவோ. நெருக்கினால் வளைஞ்சு குடுப்பாவோ. எல்லாத்துக்கும் உன்னைப்பற்றி நல்லதாத்தான் எழுதோணும். எத்தினை பேருக்கு எழுதியிருப்பன்! பத்து மணிக்கு எழும்புறவனுக்கு நேரம் தவறாதவன் எண்டு எழுதினனான். ரெண்டு மாசத்தில மூண்டு இடத்தில சண்டை பிடிச்சவனுக்குப் பொறுமைசாலி எண்டு எழுதினனான். வேலை கிடைக்கட்டும் எண்டு பொய் எழுதினனான். உனக்கு உண்மையை எழுதினா வேலை கிடைக்கப்போகுது. அதுதான் பயமாக் கிடக்கு."

"அப்ப என்ன செய்யப்போறியள்?"

"ஒண்டும் செய்யேல்லை. அஞ்சு நாளைக்குள்ள பதில் போகாட்டி விண்ணப்பம் தானா விழுந்திடும் எண்டு கீழ போட்டிருக்கு. விழட்டும். நீ பேசாமல் இரு, நானும் பேசாமல் இருக்கிறன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அன்ரியும் வாய் திறக்க மாட்டா."

கெற்றில் டக்கென்று நின்றது. அவருடைய பேச்சும் நின்றது.

ஒரு கணம் றொசானாவின் உடம்பு லேசானது. அவள் முடிவெடுக்கத் தேவையில்லை. ஐந்து நாளில் எல்லாம் தானாக ஓய்ந்துவிடும். ஞாயிறுதோறும் வாசகம் வாசிக்க எழும்பும்போது அவர் அவளைப் பார்ப்பார். அவள் குனிந்துகொள்வாள். அவர் நல்ல மனிதர். கடைசிவரை சொல்ல மாட்டார்.

பேசாமல் இருப்பது. அந்தப் பெண்ணுக்கும் பதினொரு நாளாக அதைத்தான் செய்திருந்தார்கள். இன்றைக்குப் பன்னிரண்டு.

அன்னமலர் தட்டோடு வந்தார். "ஏன் ரெண்டு பேரும் பாவசங்கீர்த்தனத்துக்கு லைனில நிக்கிற மாதிரி இருக்கிறியள்?"

"அம்மா," என்றாள் றொசானா. "நேற்று நான் கொம்பியூட்டர் கொம்பனி எண்டு சொன்னது முழுக்க உண்மையில்லை."

"பிள்ளை," என்றார் யோன் அங்கிள்.

அவள் நிறுத்தவில்லை. என்ன படம், என்ன வேலை, எத்தனை மணி நேரம், யாருக்கு மெயில் போனது. நாலைந்து வசனங்களில் முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னாள். அன்னமலர் உட்காரவில்லை. தட்டைப் பிடித்தபடியே நின்றார்.

"நீ அதைப் பாப்பியோ?"

"ஓம்."

"நாள் முழுக்கப் பாத்திட்டு வீட்டை வந்து என்னோட இருந்து சோறு தின்பாய்."

"ஓம் அம்மா."

"ஆரும் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"அதைத்தான் நானும் சொல்லுறன் அன்னமலர்," என்றார் யோன் அங்கிள். "இவள் போகாட்டி வேற ஆரும் செய்யட்டும். ஊரில ஆளில்லையோ?"

"பன்னிரண்டு நாளா ஒருத்தரும் செய்யேல்லை அங்கிள்."

"அந்தப் பிள்ளை ஆர்?" என்று அன்னமலர் கேட்டார். "எங்கட ஆக்களோ?"

"இல்லை. வெள்ளைப் பிள்ளை."

அன்னமலர் தட்டை மேசையில் வைத்தார். ஒரு கோப்பையை யோன் அங்கிளின் பக்கம் நகர்த்தினார். அதன் பிடியைத் திருப்பி அவர் கைக்கு நேராக வைத்தார்.

"நீங்கள் என்ன எழுதப்போறியள்?"

"நான் ஒண்டும் எழுதேல்லை. அஞ்சு நாளில தானா..."

"ஏன்?"

"ஏனோ? உனக்காகத்தான். உன்ர பேருக்காக."

"யோன் அண்ணை, இவள் பொய் சொல்லுறவளோ?"

"சேச்சே."

"நேற்றுச் சொன்னவள். இண்டைக்குத் தானே மாத்திச் சொல்லிப்போட்டாள். ரெண்டையும் எழுதுங்கோ." பிறகு மகளின் பக்கம் திரும்பினார். "நான் சரி எண்டு சொல்லேல்லை. விளங்குதோ? எனக்கு வயிறு எரியுது. ஆனால் வேண்டாம் எண்டா நீ வேண்டாம் எண்டு சொல்லு. இன்னொராள் பேசாமல் இருந்து உன்ர வேலை போகக்கூடாது. பிறகு சாகும்வரைக்கும் நீ என்னைத்தான் குறை சொல்லுவாய்."

யோன் அங்கிள் ஒரு விரலால் எழுதினார். எட்டுக் கேள்விக்கும் கால் மணி நேரம் எடுத்தது. இருவரும் அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனுப்பிவிட்டு ஐபாட்டை மூடினார். தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது.

வாசலில் சப்பாத்தை மாட்டும்போது சொன்னார்: "இனிமேல் என்ர பேரைப் போட முந்திக் கேள் பிள்ளை."

"ஓம் அங்கிள்."

"எல்லாருக்கும் சொல்லு. கேட்டுட்டுப் போடச் சொல்லு."

பதினொரு மணிக்கு மோனிகாவிடமிருந்து மெயில் வந்தது. திங்கள் ஒன்பது மணிக்கு வரலாம். கீழே பெயரை எழுதிக் கையெழுத்திட வேண்டிய பெட்டி.

அன்னமலர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவியவற்றையும் திரும்பக் கழுவினார். றொசானா மேசையில் லாப்டொப்பின் முன்னால் இருந்தாள். இனி யோன் அங்கிளைக் குறை சொல்ல முடியாது. அம்மாவையும் முடியாது. அந்தப் பெண்ணுக்காகத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, நீ சொன்னதுதான் சரி என்று ஒருத்தி தலையாட்டியது. அதற்காக என்னென்ன பார்க்கவேண்டி வரும்? ஆறு மாதத்தில் எதைப் பார்த்தால் கை கழுவத் தோன்றாமல் போகும்? அவளுக்குத் தெரியவில்லை.

கையெழுத்திடவில்லை. இரண்டு வரி எழுதினாள். *நேற்று நான் பார்த்ததைப் பார்த்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை இன்றைக்கே எடுத்தால் திங்கள் வருகிறேன்.* கோப்பின் எண்ணைப் போட்டாள். ஏழு வருடப் பழக்கம், எண்கள் மறப்பதில்லை.

"அனுப்பிட்டியோ?"

"ஓம்."

"என்னவாம்?"

"இன்னும் ஒண்டும் இல்லை."

அன்னமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் வேலைக்குப் போகும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எழும்பவில்லை. பக்கத்து யூனிட்டில் யாரோ குழந்தையை ஆங்கிலத்தில் அதட்டினார்கள். இருபது நிமிடம் போனது. அரை மணி. முடியாது என்று பதில் வந்தால் என்ன செய்வது என்று றொசானா யோசித்தாள். நிம்மதியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது அவளுக்குப் பிடிக்கவில்லை.

லாப்டொப் ஒலித்தது.

"எடுத்தாச்சாம்."

"உண்மையோ?"

அந்தப் பெண்ணுக்கும் மூன்று தடவை தானாக ஒரு பதில் போயிருந்ததாகக் கோப்பில் இருந்தது. கவனிக்கிறோம், கவனிக்கிறோம், கவனிக்கிறோம். றொசானா அவர்களுடைய தளத்தின் முகவரியைத் தட்டினாள்.

"அம்மா, அங்கால திரும்புங்கோ."

அன்னமலர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றார். கோயில் தந்த கலண்டர் அவர் மூக்குக்கு நேரே இருந்தது. கணினி வயது கேட்டது. ஓம் என்று அழுத்தினாள். எண்ணைப் போட்டாள். வெள்ளைப் பக்கம் வந்தது. நீங்கள் தேடுவது இங்கே இல்லை.

"இல்லை அம்மா. எடுத்திட்டினம்."

"வடிவாப் பார்," என்றார் அன்னமலர் சுவரிடம். "வேற எங்கயும் ஒளிச்சு வைச்சிருப்பாங்கள்."

பெயரால் தேடினாள். தேதியால் தேடினாள். வேறு முகங்கள் வந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தப் பெண் இல்லை.

"திரும்பலாமோ?"

"கொஞ்சம் பொறுங்கோ."

மெயிலுக்குத் திரும்பிப் போய், பெட்டியில் தன் முழுப்பெயரையும் எழுதினாள். ஒருதரம் வாசித்தாள். அழுத்தினாள்.

"இப்ப திரும்புங்கோ அம்மா."