அத்தை வளைவு

குக்கரின் ரப்பர் வளையத்தைக் காணவில்லை என்று அத்தை வீட்டையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அது எங்கேயும் போகவில்லை, மருமகள் கையில்தான் இருந்தது. கூடத்து முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, அதை ஸ்டீயரிங்காகப் பிடித்து அவள் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தையல் மெஷினில் கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டே கணவன் வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"நேர் ரோடு முடியுது... பிரேக்கப் போடு... மச்சான் வர்றான், மச்சான் வர்றான்! சீக்கிரம் திருப்பாத!"

"திருப்பல."

"திருப்பிட்ட. உன் முழங்கை சொல்லுது."

கார்ப் பந்தயம் என்றால் காலை அழுத்தி மிதித்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். எங்கே பிரேக், எங்கே திருப்பம், தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஓரக்கல் எங்கே காரைத் தூக்கிப் போடும் என்று அந்தத் தடம் முழுக்க மனசுக்குள் ஓட வேண்டும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் பார்ப்பதற்குள் வளைவு முடிந்துவிடும்.

வளைவுகளுக்கு எண்கள் உண்டு. எண்ணாக இருந்தால் அவள் மண்டையில் ஒட்டவில்லை. அதனால் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து சொந்தக்காரர்களின் பேரை வைத்துவிட்டார்கள். உள்ளே நுழையும்போது சாதுவாகத் தெரிந்து, நுழைந்த பிறகு இறுக்கிப் பிடிக்கிற வளைவு மச்சான். தொடங்கினால் முடியவே முடியாத நீள வளைவு சித்தப்பா. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற கொண்டை ஊசி வளைவு நாத்தனார். கடைசியாக, மேட்டு உச்சியில் இருக்கும் அந்தப் பொல்லாத வளைவு. ஏறி முடிக்கும்வரை அந்தப் பக்கம் என்ன காத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு அத்தை என்று பேர். பெற்ற மகனே வைத்த பேர், கேளுங்கள்.

"வளையத்தப் பாத்தியா?" என்று அத்தை எட்டிப் பார்த்தார்.

"இதோ அத்தை, தொடச்சிக்கிட்டு இருந்தேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

சிரித்துக்கொண்டே கேட்டாலும் அந்த வீட்டில் இது விளையாட்டு இல்லை. போன வருடம் அந்த மேட்டு உச்சியில்தான் அவள் மானம் போனது. உச்சியில் கார் ஒரு நொடி லேசாகிவிடும். அந்த நேரம் பார்த்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகும். பயத்தில் அவள் காலை எடுத்தாள். கார் பம்பரமாகச் சுற்றிச் சரளையில் போய்ப் புதைந்தது. டீமை நடத்துகிறவர், எல்லோரும் 'கடிகாரம்' என்று கூப்பிடும் மனிதர், இந்த வருடம் பட்டென்று சொல்லிவிட்டார்: "தகுதிச் சுற்றுல அந்த மேட்டுல கால் எடுக்காம ஓட்டிக் காட்டும்மா. எடுத்தா, அடுத்த சீசனுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். கோவிச்சுக்காத." கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் சொன்னது நியாயம். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்த முறை நானும் வருவேன் என்று அத்தை கிளம்பிவிட்டார். ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத மனுஷி. டிவி பார்ப்பதைக்கூட நடந்துகொண்டேதான் பார்ப்பார். சிவப்புக் குடையும் பிளாஸ்க்குமாக முதல் ஆளாக வண்டியில் ஏறினார்.

முதல் நாள் பயிற்சி. உச்சியில் வளைவு கண்ணுக்குத் தெரியாது என்பதால், அதற்கும் அப்பால் இருக்கும் ஏதாவது ஒன்றைக் குறி வைத்துக் காரை விட வேண்டும். காலையில் அவளுக்கு நல்ல குறி ஒன்று கிடைத்தது. மேடு ஏறும்போதே, பார்வையாளர்கள் உட்காரும் புல்சரிவில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. அதை நோக்கி விட்டால் கார் தானாகப் போய் சரியான இடத்தில் இறங்கியது. ஏதோ விளம்பரப் பலகை என்று நினைத்துக்கொண்டாள். சுற்றுக்குச் சுற்று வேகம் கூடியது. காலை எடுக்க வேண்டும் என்ற எண்ணம்கூட வரவில்லை. ஆகா, இவ்வளவுதானா என்று ஹெல்மெட்டுக்குள் சிரித்தாள்.

மத்தியானம் அதே குறி, அதே வேகம், அதே தைரியம். கார் மட்டும் வேறு எங்கோ போனது. வெளிப்பக்கச் சக்கரங்கள் புல்லில் இறங்கிப் புழுதியைக் கிளப்பின. மறுபடி போனாள், மறுபடி புழுதி. அடுத்த சுற்றில் கால் தானாக எழும்பிவிட்டது.

கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் பிட்டில் கடிகாரம் தலையைச் சொறிந்தார். "காலைல தேவதை மாதிரி ஓட்டின. சாப்பிட்டு வந்ததும் என்னம்மா ஆச்சு?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தடம் அதேதான், டயர் புதுசு, எதிர்க்காற்றுகூட இல்லை. அப்படியென்றால் கோளாறு தன்னிடம்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

சாயங்காலம் தடத்தை நடந்து பார்க்க விடுவார்கள். கணவனும் அவளும் மேட்டு உச்சியில் போய் நின்றார்கள். காலை நேரத்தில் கார் போட்ட டயர் தடத்தின் மேல் நின்று புல்சரிவைப் பார்த்தாள். பலகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"இங்க சிவப்பா ஒண்ணு இருந்துச்சுங்க. சத்தியமா இருந்துச்சு."

"அதுவா பாரு?" என்றான் கணவன்.

சரிவின் மறுகோடியிலிருந்து ஒரு சிவப்புக் குடை ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. அடியில் அத்தை.

"காலைல அந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தேன். மத்தியானம் வெயில் சுள்ளுன்னு அடிச்சுது, இந்தப் பக்கம் வந்துட்டேன். அப்புறம் கொஞ்சம் நடந்தேன். ஏன்டா, எதுக்கு இப்பிடிச் சிரிக்கிற?"

கணவன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பெரியபெரிய டிரைவர்கள் மரத்தைக் குறி வைப்பார்கள், கோபுரத்தைக் குறி வைப்பார்கள். இவள் உலகத்திலேயே ஓரிடத்தில் நிற்காத ஒரே பொருளைக் குறி வைத்திருக்கிறாள்! அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோளாறு தன் காலில் இல்லை என்று தெரிந்ததும் மலையை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

எதிர்க் குன்றின்மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. உச்சியிலிருந்து பார்த்தால் அதன் இடது விளிம்பு, காலையில் குடை இருந்த இடத்துக்குச் சரியாக நேராக நின்றது. தொட்டி நடந்து போகாது. அதையே வைத்துக்கொண்டார்கள்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என்னாலதான் வண்டி புல்லுல எறங்குச்சா?"

"ஐயோ, இல்ல அத்தை. சரியாப் பாத்துக் குறி வெக்காதது என் தப்பு."

"நாளைக்கு நான் காலைல உக்காந்த எடத்துலயே உக்காருறேன். அசையவே மாட்டேன்."

"நீயா? அசையாமயா?" என்று மகன் மறுபடி சிரித்தான். "அதெல்லாம் வேணாம்மா, தொட்டி இருக்கு."

மறுநாள் தகுதிச் சுற்று. விடிந்ததும் பார்த்தால் குன்று முழுக்கப் பனி. தடம் தெளிவாகத் தெரிந்தது, கொடிகள் தெரிந்தன, ஓட்டத்துக்குத் தடை ஒன்றும் இல்லை. தொட்டி மட்டும் இருந்த சுவடே தெரியவில்லை. டயரைச் சூடாக்கும் மெதுவான சுற்றில் மேட்டில் ஏறியபோது அவளுக்குப் பகீரென்றது. பனிக்கு முன்னால், ஈரப் புல்லின் நடுவே, சிவப்பாக அந்தப் பொட்டு மட்டும் இருந்தது.

அது நேற்றுக் காலை இருந்த இடம்தானா? அதே இடம் என்றே வைத்துக்கொண்டாலும், இந்தச் சுற்று முடிந்து அவள் திரும்பி வரும்வரை அங்கேயே இருக்குமா? அந்த மனுஷி பால் பொங்குகிற நேரம்கூட அடுப்பங்கரையில் நின்றதில்லையே!

நேர் ரோடு முடிந்தது. மச்சானிடம் பொறுமையாகப் போனாள், சித்தப்பாவைச் சகித்துக்கொண்டாள், நாத்தனாரைப் பதமாகத் திருப்பினாள். மேடு எதிரே எழுந்தது. உள்ளங்கால் ஒருமுறை கூசியது. அசைய மாட்டேன் என்று சொன்னார், அவ்வளவுதானே? சொன்னார் என்றால் இருப்பார். குடையைப் பார்த்தாள், காரை அதன்மேல் விட்டாள், காலை எடுக்கவில்லை. கார் லேசானது, வயிறு மேலே எழும்பியது, சக்கரங்கள் ஓரக்கல்லை உரசிக்கொண்டு சரியான இடத்தில் அழகாக இறங்கின. அவள் வாய்விட்டுக் கத்தியது அவளுக்கே கேட்டது.

அவள் பிட்டுக்கு வந்தபோது கடிகாரம் கையில் ஸ்டாப்வாட்சோடு நின்றார். அதைப் பார்த்தார், உலுக்கினார், மறுபடி பார்த்தார். "அடுத்த சீசனுக்கும் அதே சைஸ் சட்டைதானே?" என்று மட்டும் கேட்டார். கணவன் அவளைக் கட்டிப்பிடித்து ஹெல்மெட்டில் மூக்கை இடித்துக்கொண்டான்.

ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவள் புல்சரிவுக்குத்தான் ஓடினாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. சுற்றி இருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை குடையை விரித்தபடி ஈரப் புல்லில் நட்டுவைத்ததுபோல உட்கார்ந்திருந்தார். புடவை முழுக்க நனைந்திருந்தது. பிளாஸ்க் திறக்காமல் பக்கத்தில் கிடந்தது.

"கால எடுத்தியா?"

"எடுக்கல அத்தை."

"பனில தொட்டியக் காணோமேன்னு பதறிட்டேன். எந்திரிச்சு ஓடி வந்து சொல்லலாமான்னு நெனச்சேன். அப்புறம், நான் எந்திரிச்சா நீ எதப் பாப்பேன்னு உக்காந்துட்டேன்."

"உங்களத்தான் பாத்தேன் அத்தை. வேற ஒண்ணுமே தெரியல."

"தெரியும். என் பேர அந்த வளைவுக்கு வெச்சதும் தெரியும். நீங்க ரெண்டு பேரும் கூடத்துல கத்துனா அடுப்பங்கரைக்குக் கேக்காதா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மாத்திடறோம் அத்தை."

"எதுக்கு? இருக்கட்டும்." அத்தை குடையை மடக்கி அவளிடம் நீட்டினார். "மொதல்ல கையக் குடுத்துத் தூக்கிவிடு. ரெண்டு காலும் மரத்துப்போய்க் கெடக்கு."