ஒன்றும் தோன்றவில்லை

அந்த ஆய்வுக்கூடத்தில் ஆப்பிளை ஆப்பிள் என்று சொல்வது குற்றம். பழத்தை மேசைமேல் வைத்து "என்ன தெரிகிறது?" என்று கேட்பார்கள். "சிவப்பு, உருண்டை, இடதுபக்கம் ஒரு வெள்ளைப் பொட்டு" என்றுதான் பதில் வரவேண்டும். வாய் தவறி ஆப்பிள் என்றுவிட்டால் போச்சு, பேராசிரியரின் உதவியாளர் குறிப்பேட்டில் "பொருட்பிழை" என்று எழுதிவிடுவார். மனத்துக்குள் உண்மையில் வருவது நிறமும் வடிவமும்தான், ஆப்பிள் என்பது நாமாகப் பிற்பாடு ஒட்டுகிற பெயர் என்பது பேராசிரியரின் கட்சி. மனத்தைப் பற்றிய படிப்பு அப்போதுதான் முளைவிட்டிருந்தது. எந்தப் பொருளையும் பிரித்துப் பார்க்கிற மாதிரி மனத்தையும் துண்டு துண்டாகப் பிரித்துப் பட்டியல் போட்டுவிடலாம் என்று பெரிய படிப்பாளிகளெல்லாம் நம்பினார்கள். நம்பட்டும், யார் வேண்டாம் என்றது?

அங்கே பட்டம் படிக்கச் சேர்ந்த அவள், இந்தப் பிழையைச் செய்யாமல் இருக்க மூன்று வருஷம் பழகினாள். பழக்கம் முற்றிப்போய், ஒருநாள் அண்ணி அடுக்களையிலிருந்து "கூடையில என்ன மிச்சமிருக்கு, பாரு" என்று கேட்டதற்கு, "சிவப்பு, வழவழப்பு, ஓரத்துல சுருக்கம்" என்றாள்.

"தக்காளின்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்று அண்ணியிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தராசு என்று பட்டப்பெயர். கனம் பார்ப்பதில் அவள் கையை மிஞ்ச ஆளில்லை. கறுப்புத் துணி சுற்றிய இரண்டு தகர டப்பாக்கள், ஒரே அளவு. டக் டக்கென்று தாளம் போட ஒரு மரப்பெட்டி. ஒரு தாளத்துக்கு முதல் டப்பாவைத் தூக்கி வைக்கவேண்டும், அடுத்ததற்கு இரண்டாவதை. இரண்டாவதைத் தூக்கிய கையோடு, முதலாவதைவிட அது "கனம்" என்றோ "லேசு" என்றோ சொல்லவேண்டும். குரல் பட்டதும், விநாடியை ஆயிரம் கூறு போடும் கடிகாரம் ஒன்று நின்றுவிடும். அதற்கப்புறம்தான் அசல் வேலை. இரண்டாவது டப்பாவைத் தூக்கியதற்கும் வாய் திறந்ததற்கும் நடுவில் மனத்தில் என்னென்ன ஓடியது என்று ஒன்றுவிடாமல் சொல்லவேண்டும்.

பேராசிரியர் பத்து வருஷமாக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். மனப்படம் இல்லாமல் எண்ணம் இல்லை என்பதுதான் அதன் உயிர்நாடி. முதல் டப்பாவின் கனம் படமாகவோ கை உணர்வாகவோ மனத்தில் நிற்கும். இரண்டாவதை அதோடு ஒப்பிட்டுத்தான் தீர்ப்பு பிறக்கும். கேட்பதற்கு ரொம்ப நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் தராசுக்கு அப்படி எதுவும் வந்து தொலைக்கவில்லை. "கனம்" என்பாள், சரியாக இருக்கும். நடுவில் என்ன தோன்றியது என்று கேட்டால், "ஒண்ணும் தோணலை சார். ஆனா தெரிஞ்சுது" என்பாள்.

"நல்லாப் பாருங்கம்மா, இருக்கும்."

"பாத்துட்டேன் சார். இல்லை."

நானூற்று எண்பது முறை தூக்கியதில் முந்நூற்றுத் தொண்ணூற்றொரு முறை இதே பதில். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் மனம்தான் ஊனமோ என்று சில நாள் தூக்கம் கெட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, துணியைத் தொட்டதுமே இது துவைச்சா சுருங்கும்னு சொல்றீங்களே, அப்ப மனசுல என்ன வருது?"

"சுருங்கும்னு வருது."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி உன்னை மாதிரி யாராவது வந்து உயிரை வாங்குவாங்க." அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஏன்டி, உன் மனசுல என்ன இருக்குன்னு உன்னைவிட அந்த வாத்தியாருக்கு நல்லாத் தெரியுமா?"

மூன்று வருஷம் படித்தவள் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அதோடு சந்தேகமும் போயிற்று.

பட்டத் தேர்வு நாள் வந்தது. பதினோரு மணிக்குத் தேர்வு, வெளிக் கல்லூரியிலிருந்து ஒரு பரீட்சகர். அந்தக் கட்டடத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் பட்டம் வாங்கியதில்லை. பெண்கள் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. பட்டம் கையில் இருந்தால் போதும். அண்ணன் அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, செய்தி வரட்டும் என்று வீட்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான்.

பத்தரை மணிக்கு உதவியாளர் அவளுடைய அறிக்கையின் சுத்தப்பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு தாளிலும் அவள் கையெழுத்துப் போடவேண்டும். சோதனைக்கு உட்கார்ந்தவர், தான் சொன்னது இதுதான் என்று ஒப்புக்கொள்ளவேண்டும் என்பது ஆய்வுக்கூடத்து விதி. பேனாவைத் திறந்தவள் முதல் தாளைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். பிறகு பேனாவை மூடிவிட்டாள்.

"ஒண்ணும் தோணலைன்னு நான் சொன்ன இடத்துல எல்லாம் 'தோளில் மங்கலான இழுப்பு, தெளிவற்ற சாம்பல் நிறப் படம்'னு இருக்கே?"

"நீங்க கவனிக்காம விட்டதை சார் நிரப்பச் சொன்னாரு" என்றார் உதவியாளர், அவள் முகத்தைப் பார்க்காமல். "பயிற்சி பத்தாதவங்களுக்கு இப்படித்தான் சிலது நழுவிடும். போட்டுட்டுப் போங்க. மதியத்துக்குள்ள நீங்க பட்டதாரி. இல்லேன்னா மூணு வருஷமும் தண்டம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே முந்நூற்றுத் தொண்ணூற்றொரு பூசணிக்காய். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. உச்சந்தலைவரை ஏறிய கோபம். தாள்களை அள்ளிக்கொண்டு நேராகத் தேர்வறைக்குள் போனாள்.

பேராசிரியர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லையே. மாணவர்களுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறவர். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவருக்குப் பக்கத்தில் பரீட்சகர் உட்கார்ந்திருந்தார். வளைந்து வளைந்து போகும் பெட்டிகளில் எலிகளை ஓடவிட்டு, எத்தனை தடவையில் வழி கற்றுக்கொள்கின்றன என்று எண்ணுகிற மனிதர். எல்லாரும் எலிக்காரர் என்றே சொல்வார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

"கையெழுத்தாச்சாம்மா?" என்றார் பேராசிரியர்.

"இல்லை சார். போட முடியாது. இது நான் சொன்னதில்லை."

"சொல்லியிருக்கவேண்டியது."

"சொல்லியிருக்கவேண்டியதைச் சொல்றதுக்கு நான் எதுக்கு சார்? அதை நீங்களே எழுதிக்கலாமே?"

பேராசிரியரின் காது சிவந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பயிற்சி போதலைன்னா உள்ளே நடக்கறது கண்ணுக்குப் படாதும்மா."

"ஆப்பிளைச் சரியாப் பாத்தப்ப என் பயிற்சி போதுமா இருந்துச்சு. நான் சொன்னது உங்க புத்தகத்துக்கு ஒத்து வந்தவரைக்கும் என் பயிற்சி போதுமா இருந்துச்சு. அது எப்படி சார்?"

எலிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இதைத்தான் நான் தலைபாடா அடிச்சுக்கறேன். உள்ளே என்ன இருக்குன்னு ஆளைக் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. கேக்கறதையே விட்டுடுங்க. என் எலி எதுவும் சொல்றதில்லை, அதனால பொய்யும் சொல்றதில்லை." அவள் பக்கம் திரும்பினார். "நீ எங்க கல்லூரிக்கு வந்துடும்மா. மனசுன்னு பாக்கறதுக்கு உள்ளே எதுவும் இல்லைன்னு மட்டும் எழுதிக் குடு. பட்டத்துக்கு நானாச்சு."

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். கையை நீட்டினால் போதும். அண்ணன் இன்னும் நடந்துகொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

"அதையும் நான் சொல்லலையே சார்" என்றாள். "'ஒண்ணும் தோணலை, ஆனா தெரிஞ்சுது' இதுதான் நான் சொன்னது. சார் முதல் பாதியை அடிச்சுட்டாரு. நீங்க ரெண்டாவது பாதியை அடிக்கச் சொல்றீங்க. தெரிஞ்சுதே! அது எனக்குள்ளதானே நடந்துச்சு? எலியைப் பாருங்க, வேண்டாங்கலை. ஆனா என்னை எலியாக்காதீங்க."

எலிக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் மூலையிலிருந்த தாளப்பெட்டியை மேசைக்கு எடுத்துவந்தாள். டப்பாக்களை வைத்தாள். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள்.

"நீங்க உக்காருங்க சார்."

அந்த நாற்காலியில் பேராசிரியர் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. கேட்பவர் நாற்காலியே அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் எலிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். டக், தூக்கினார். டக், தூக்கினார். "கனம்!"

சரியான பதில்தான். கடிகாரம் விநாடியில் பாதியைச் சற்றுத் தாண்டி நின்றிருந்தது.

"நடுவுல என்ன சார் தோணுச்சு?"

அவர் கண்ணை மூடினார். அறையில் தாளப்பெட்டி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. "தோள்ல... ஒரு இழுப்பு. மங்கலா ஒரு படம்."

அவர் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அவள் வெள்ளைத் தாளில் எழுதினாள். உரக்கப் படித்துக் காட்டினாள். தாளை அவர் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினாள். "கையெழுத்து, சார்."

பேனாவை வாங்கினார். தாளின் அடியில் முனையை வைத்தார். அப்படியே இருந்தார். மை ஒரு புள்ளியாக ஊறியது.

"இன்னொரு தடவை வைங்கம்மா."

வைத்தாள். தூக்கினார், "லேசு" என்றார், சரிதான். இன்னொரு தடவை. இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பதில் சரியாக வந்தது, ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடித் தேடினார். ஏழாவது தடவைக்கு அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. பேனாவை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் முணுமுணுத்தார்.

"பயிற்சி பத்தலை."

"யாருக்கு சார்?"

அவள் சன்னலோரம் போய் உட்கார்ந்தாள். சுத்தப்பிரதியில் தோள் இழுப்பையும் சாம்பல் படத்தையும் ஒவ்வொன்றாக அடித்து, மேலே தான் சொன்னதை எழுதினாள். முந்நூற்றுத் தொண்ணூற்றொரு இடம். பதினோரு மணி போயிற்று, பன்னிரண்டு அடித்தது. எலிக்காரர் ரயிலுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப்போனார். பேராசிரியர் எழுந்திருக்கவில்லை, அவளை நிறுத்தவும் இல்லை. கடைசித் தாள்வரை கையெழுத்துப் போட்டு, தாள்களை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"இதை நான் ஏத்துக்க முடியாதும்மா" என்றார் அவர். "பட்டம் இன்னைக்கு இல்லை."

அவளுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனாலும் நிமிர்ந்தே நின்றாள்.

"ஏத்துக்க வேண்டாம் சார். மாத்தாம இருங்க."